வாத்துக்கும் மீனுக்கும் ஒரே படகு: வாங்கும்போது செய்யக் கூடாதவை

ஆகஸ்ட் பிறந்தால் போதும், எனக்கு வாட்ஸ்அப்பில் படகுப் படங்கள் வர ஆரம்பித்துவிடும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் செப்டம்பர் கடைசியில் வாத்து வேட்டை சீசன் திறக்கிறது. அதற்குள் எல்லோருக்கும் ஒரு படகு வேண்டும், அது ஆயிரம் டாலருக்குள் இருக்க வேண்டும், கோடையில் அதிலேயே மீனும் பிடிக்க வேண்டும். போன வாரம் ஒரு தம்பி அனுப்பியிருந்தான். யாரோ ஒருவர் வீட்டுப் புல்தரையில் பச்சையும் பழுப்புமாய் பெயிண்ட் அடித்த அலுமினியப் படகு. கீழே, "அண்ணே, 12 அடி, 800 டாலர். பிக்கப் பின்னாலேயே ஏத்திடலாம். எடுத்துடவா?"

எட்டு வருடத்துக்கு முன் நான் வாங்கிய படகின் உடன்பிறப்பு அது. பார்த்ததும் வயிற்றைப் பிசைந்தது.

லைசென்ஸ் எடு, 25 டாலர் கொடுத்து வேட்டைக்கு வேண்டிய ஃபெடரல் வாத்து ஸ்டாம்ப் வாங்கு, ஈயத் தோட்டா போடாதே (1991 முதல் நாடு முழுக்க வாத்து வேட்டைக்கு அது தடை) என்பதையெல்லாம் யார் வேண்டுமானாலும் சொல்லித் தருவார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

நீளத்தைக் கேட்டுவிட்டு அகலத்தைக் கேட்காமல் விடுவது

இங்கே மலிவான படகு என்றால் பெரும்பாலும் ஜான் போட்தான். அடி தட்டை, மூக்கு சதுரம், உடம்பு முழுக்க அலுமினியத் தகடு. நாணலும் காட்டரிசியும் மண்டிய, முழங்காலளவு தண்ணீரிலும் போகும். அதன் பெயரிலேயே ஜாதகம் இருக்கிறது. 1232 என்றால் நீளம் 12 அடி, அடித்தட்டின் அகலம் 32 அங்குலம். 1448 என்றால் 14 அடி, 48 அங்குலம். விற்பவர் முதல் இரண்டு எண்ணைத்தான் சொல்வார். வாங்குகிறவனும் அதைத்தான் கேட்பான்.

நானும் அப்படித்தான். தொண்டியில் பிறந்தவன், வள்ளத்தில் வளர்ந்தவன், இந்தத் தகர டப்பாவைப் பற்றி எனக்கு என்ன சொல்ல வருகிறார்கள் என்ற திமிர். 1232 ஒன்றை 700 டாலருக்கு எடுத்தேன். இரண்டு பேர் தூக்கி வண்டியில் வைத்துவிடலாம் என்பதில் அவ்வளவு பெருமை. இரண்டு பேர் தூக்கக்கூடிய படகை ஒரு நாய் கவிழ்க்கும் என்பது அப்போது புத்தியில் ஏறவில்லை.

கணக்கு இதுதான். படகு பக்கவாட்டில் சாய்வதை எதிர்க்கும் பலம் அகலத்தோடு நேராகக் கூடுவதில்லை, அகலத்தின் கனமாக (அகலம் × அகலம் × அகலம்) கூடுகிறது. 32 அங்குலம் 48 ஆனால் அகலம் ஒன்றரை மடங்கு. அதே நீளம், அதே பாரம் என்றால் நிலைத்து நிற்கும் பலம் மூன்று மடங்குக்கும் மேல். மீன் பிடிக்கும்போது இது அவ்வளவாக உறைக்காது. நடுவில் உட்கார்ந்து தூண்டில் போட்டு கிராப்பி மீன் பிடிப்பவனை 32 அங்குலமும் தாங்கும். வாத்து வேட்டையில் யாரும் நடுவில் உட்கார்வதில்லை. தலைக்கு மேலே சிறகடிப்பு கேட்டதும் இரண்டு பேரும் ஒரே பக்கமாகத் திரும்புவார்கள், ஒருவன் எழுந்தும் நிற்பான்.

அடுத்தது பாரம். 20 அடிக்குக் குறைந்த மோட்டார் படகுகளில், 1972-க்குப் பிறகு செய்தவை என்றால், கோஸ்ட் கார்டு என்கிற கடலோரக் காவல்படையின் விதிப்படி ஒரு கொள்ளளவுத் தகடு அடித்திருக்கும். என்னுடையதில் 3 பேர் அல்லது 350 பவுண்டு, மோட்டாரும் சாமான்களும் சேர்த்து மொத்தம் 500 பவுண்டு என்று இருந்தது. "3 பேர்" என்பதைப் படித்தேன். மற்றதைப் படிக்கவில்லை. நானும் நண்பனும் சேர்ந்து 395. மோட்டார் 55, பேட்டரி 50, பெட்ரோல் டேங்க் 25. நிஜ வாத்துகளை ஏமாற்றி இறக்கத் தண்ணீரில் மிதக்கவிடும் பொம்மை வாத்துகள் இரண்டு டஜன், அவற்றின் ஈய எடைகளோடு 40. துப்பாக்கிகள் 15, தோட்டாப் பெட்டிகள் 12. நண்பனின் கறுப்பு லாப்ரடார் 75. கூட்டினால் 667. நனைந்த உடுப்பும் தெர்மோஸும் இதில் சேரவில்லை.

அக்டோபர் நடுவில் ஒரு காலை. நண்பன் எழுந்து சுட்டான், வாத்து விழுந்தது, நாங்கள் சொல்வதற்கு முன்பே நாய் பாய்ந்தது. பாய்ந்த உதையில் படகு ஒரு பக்கம் அமுங்க, தடுமாறிய நண்பனும் அதே பக்கம் கால் வைத்தான். தண்ணீர் சீறிக்கொண்டு வரவில்லை. தாம்பாளத்தைச் சாய்த்தால் விளிம்பில் வழியுமே, அப்படி, சத்தமே இல்லாமல் உள்ளே வந்தது. எனக்கு நினைவிருக்கும் கடைசிக் காட்சி, என் காலடியில் இருந்த சாண்ட்விச் டப்பா மிதந்து என்னைத் தாண்டிப் போனது.

ஆழம் நான்கடி, அதனால் இதை எழுத முடிகிறது. வேடர்ஸ் என்கிற மார்பு வரை வரும் ரப்பர் கால்சட்டைக்குள் தண்ணீர் புகுந்த பிறகு அந்த நான்கடியில் எழுந்து நிற்கவே பெரும்பாடு. குளிர்ந்த தண்ணீருக்கு இங்கே 1-10-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். முதல் 1 நிமிடம் மூச்சு வசப்படாது. பிறகு ஒரு 10 நிமிடம்தான் கை கால் சொன்னபடி கேட்கும். 1 மணி நேர வாக்கில் நினைவு தப்பும். லைஃப் ஜாக்கெட்டை மேலே போடாமல் அதன்மேல் உட்கார்ந்திருப்பவனுக்கு இரண்டாவது எண்ணே வராது. 1940 நவம்பர் 11 அன்று இதமாக விடிந்த காலையை நம்பி மிசிசிப்பி ஆற்றுத் தீவுகளுக்குச் சின்னப் படகுகளில் போன வாத்து வேட்டைக்காரர்கள் பலர், பகலில் மூண்ட பனிப்புயலில் கரை சேரவே இல்லை. ஆற்றங்கரை ஊரான வினோனா பக்கம் வயதானவர்கள் இன்றும் அதைப் பேசுவார்கள்.

என் துப்பாக்கியை அடுத்த வாரம் தோட்டத்து வாரியால் துழாவி எடுத்தோம், குழல் நிறையச் சேறு. மோட்டார் தேறவில்லை. படகை 400-க்குத் தள்ளிவிட்டு அடுத்த வருடம் 1448 வாங்கினேன். விட்டதையெல்லாம் கூட்டினால் முதல் நாளே அதை வாங்கியிருக்கலாம், டிரெய்லரோடு.

ஆகவே விற்பவர் வீட்டுக்குப் போகும்போது இஞ்ச் டேப் எடுத்துப் போங்கள். அடித்தட்டை உள்ளே அளக்க வேண்டும். சிலர் மேல்விளிம்பின் அகலத்தைச் சொல்லி ஏமாற்றுவார்கள். தகட்டைப் படம் எடுத்து, வீட்டுக்கு வந்து, நாயையும் சேர்த்துக் கூட்டுங்கள்.

பெஞ்சை அறுப்பது

நடு பெஞ்சு இடத்தை அடைக்கிறது என்று அறுத்துவிட்டுத் தளம் போட்டு, அதன்மேல் சுழல் நாற்காலி வைப்பார்கள். மீன்பிடிப் படகு மாதிரி அம்சமாக இருக்கும். அந்தப் பெஞ்சுதான் இரண்டு பக்கத் தகட்டையும் இழுத்துப் பிடித்திருக்கிறது. அதற்குள் திணித்திருக்கும் நுரைதான் தண்ணீர் நிரம்பினாலும் படகை மூழ்காமல் வைக்கிறது. அதைக் குப்பையில் போட்டுவிட்டு, உட்காரும் ஆளையும் ஓரடி உயர்த்தினால் என்ன ஆகும்? மேலே சொன்னதுதான் ஆகும், இன்னும் சீக்கிரம்.

பழைய படகில் அந்த நுரை தண்ணீர் குடித்து ஊறியும் இருக்கலாம். காலிப் படகு கனத்தால் சந்தேகப்படுங்கள்.

புதுப் பெயிண்டில் மயங்குவது

நேற்று அடித்த பெயிண்ட், நேற்று மறைத்த ஒட்டு.

பின்பலகையைத் தட்டிப் பார்க்காதது

மோட்டார் மாட்டும் பின்பக்கத்தை டிரான்சம் என்பார்கள். பல அலுமினியப் படகுகளில் அதற்குள்ளே இருப்பது பிளைவுட். வெளியே தகடு பளபளக்கும், உள்ளே உளுத்திருக்கும். மோட்டாரின் கீழ்க்காலைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே பின்பலகையைப் பாருங்கள். அது வளைந்து கொடுத்தால் பேரம் பேசக்கூட நிற்காதீர்கள். ரிவெட்டு ஒழுகல் அவ்வளவு பெரிய குற்றம் இல்லை. படகுக்குள் மூன்று நான்கு அங்குலம் தண்ணீர் விட்டு, வெளியே சொட்டும் இடங்களைச் சாக்பீஸால் குறித்துக்கொண்டு விலையைக் குறையுங்கள். தண்ணீர் விடக் கூடாது என்று விற்பவர் சொன்னால் அதுவும் ஒரு பதில்தான்.

மோட்டார் தண்டின் நீளம்

15 அங்குலமா, 20-ஆ? பின்பலகையின் உயரத்தை அளந்துவிட்டு மோட்டார் வாங்குங்கள்.

இதே படகைப் பெரிய ஏரிக்கு ஓட்டிப் போவது

மில் லாக்ஸ் ஏரியில் வால்ஐ மீன் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வரும். அகன்ற ஏரி, அதிக ஆழமில்லாதது, காற்று எழுந்தால் அலை கிட்டக் கிட்ட எழும்பும். தட்டை அடி அலையை வெட்டாது, அறையும். ஒவ்வோர் அறைக்கும் பல் ஆடும், மூக்குக்கு மேல் தண்ணீர் தெறிக்கும். முன்பக்கம் மட்டும் சற்றுக் கூரான 'மாடிஃபைடு வி' கிடைத்தால் இரண்டு வேலைக்கும் அதுவே சமரசம். விலை கொஞ்சம் கூடும். கிடைக்காவிட்டால் சின்ன ஏரிகளுக்குக் குறைவில்லாத மாநிலம் இது.

டிரெய்ன் பிளக்

படகுக்குள் சேரும் தண்ணீரை வடிய விடும் ஓட்டையின் அடைப்பான் இது. சாலையில் போகும்போது கழற்றியிருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம், ஒரு ஏரியின் பூச்சியும் பாசியும் அடுத்த ஏரிக்குப் போகாமலிருக்க. திரும்ப மாட்ட வேண்டும் என்பதற்குச் சட்டம் இல்லை. நான் இரண்டு முறை மறந்திருக்கிறேன்.

தம்பிக்கு இவ்வளவும் எழுதவில்லை. "அடித்தட்டை உள்ளே அளந்து படம் அனுப்பு" என்று மட்டும் பதில் போட்டேன். ஒரு மணி நேரம் கழித்துப் படம் வந்தது. டேப் 32-ல் நிற்கிறது. பின்னால் தெரிவது அவன் வீட்டு கராஜ்.

"நேத்தே எடுத்துட்டேன்ணே. நாய்க்குட்டி ஒண்ணும் பார்த்து வச்சிருக்கேன்."