ஹீட்டர் குழாயின் வாய் கீழே பார்க்கட்டும்
பினாங்கு ஜெலுத்தோங்கில் நாங்கள் வாங்கிய பழைய தரை வீட்டில், வாட்டர் ஹீட்டர் தொட்டியின் பாதுகாப்பு வால்விலிருந்து வரும் குழாய் பின்சுவரில் ஆள் முகத்துக்கு நேராக நீட்டிக்கொண்டிருந்தது. அம்மா துணி காயப்போடும் இடம் அது!

சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் கெட்டுச் சூடோ அழுத்தமோ எகிறினால் இந்த வால்வு தானாகத் திறக்கும். சூட்டால் திறப்பது பெரும்பாலும் 99 டிகிரி செல்சியஸை ஒட்டித்தான். வெளியே பாய்வது கொதிநீரும் ஆவியும். 60 டிகிரி தண்ணீரே சில நொடிகளில் தோலைப் பொசுக்கிவிடும்.

வந்த பிளம்பர், “முனையில மூடி போட்டுடலாமா தம்பி?” என்றார்.

“ஐயோ, வேணாம்ணே. அடைச்சா தொட்டியே வெடிக்கும்.”

சரி என்று செம்புக் குழாய் வாங்கினோம். பிவிசி அந்தச் சூட்டில் இளகிவிடும். வால்வு வாயின் அளவு எங்கும் குறையக் கூடாது, நடுவில் அடைப்பான் கூடாது, தண்ணீர் தேங்காமல் வழியெல்லாம் சரிவு வேண்டும். சுவரையொட்டி இறக்கி, சாக்கடைக் கம்பிவலைக்குச் சற்று மேலே முனையைத் திறந்தே விட்டோம். சொட்டினால் கண்ணில் படவேண்டுமே! முனையில் மரையும் வெட்டவில்லை, பின்னால் வருகிறவர் யாரும் மூடி திருகிவிடாமல் இருக்க.

அப்புறம் தொட்டியை ஆறவிட்டு வால்வின் கைப்பிடியைத் தூக்கிப் பார்த்தேன். தண்ணீர் நேராகச் சாக்கடைக்குள் போனது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை இப்படித் தூக்கிப் பார்ப்பதாக இருக்கிறேன். விட்டால் உப்புப் படிந்து வால்வு இறுகிவிடும்.