'காவடி' என்றால் என்ன என்று கேட்கும் கம்பைலர்

தைப்பூசத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது அக்கா மகன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு மொரீசியஸில் காத்ர் போர்னில் உள்ள என் வீட்டுக்கு வந்தான். ஊர்க் கோயிலில் காவடி எடுப்பவர்களைப் பதிவு செய்ய சி பிளஸ் பிளஸில் ஒரு சின்ன நிரல் எழுதிக்கொண்டிருந்தான். "மாமா, 47 எரர் வருது" என்றான்.

முதல் எரரை மட்டும் பார்க்கச் சொன்னேன். நிரலைக் கணினி இயக்கும் வடிவத்துக்கு மாற்றுவது கம்பைலர். ஒரு டைப், அதாவது ஒரு தரவு வகை, தெரியாமல் போனால், அதை நம்பி நிற்கும் ஒவ்வொரு வரியிலும் அது புகார் சொல்லும். முதலாவதைத் திருத்திவிட்டு மறுபடி கம்பைல் செய்யுங்கள். பாதி தானாகவே போய்விடும்.

அவன் பயன்படுத்திய ஜிசிசி கம்பைலர் சொன்னது இது: 'காவடி' டஸ் நாட் நேம் எ டைப். அதாவது, அந்தப் பெயரில் ஒரு டைப்பை அது இன்னும் பார்க்கவில்லை. எழுத்துப்பிழை, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறியது, மொழியோடு வரும் நூலகப் பெயர்களுக்கு முன்னால் 'எஸ்டிடி' போட மறந்தது, அறிவிப்புகள் இருக்கும் ஹெடர் ஃபைலையே விட்டது என்று எளிய காரணங்களை முதலில் பாருங்கள். பெரும்பாலும் இவற்றில் ஒன்றுதான்.

அவனுக்கு அப்படி இல்லை. "ஹெடரை இன்க்ளூட் பண்ணியிருக்கேனே!" என்றான். பண்ணித்தான் இருந்தான். அதுதான் சிக்கல்.

கம்பைலர் மேலிருந்து கீழே படிக்கும். வரிசை மாறினால் என்ன ஆகும் என்று மொரீசியஸ் தமிழருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1998-இல் வந்த புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழ் இந்திக்குக் கீழே போனதும் நம்மவர்கள் எதிர்த்தார்கள். நோட்டுகள் திரும்பப் பெறப்பட்டு, 1999-இல் பழைய வரிசையோடு மறுபடி வந்தன.

சரி, நிரலுக்கு வருவோம். காவடி ஹெடர் பக்தர் ஹெடரை இன்க்ளூட் செய்தது. பக்தர் ஹெடர் திரும்பக் காவடி ஹெடரை. இரண்டிலும் 'பிராக்மா ஒன்ஸ்' இருந்தது; ஒரு ஃபைலை ஒரு முறைக்கு மேல் படிக்காதே என்று சொல்லும் வரி அது. கம்பைலர் காவடி ஹெடரைத் திறக்கிறது, முதல் வரியிலேயே பக்தருக்குப் போகிறது, அங்கே காவடி ஹெடரை மறுபடி கேட்டால் "ஏற்கெனவே திறந்தாயிற்று" என்று தாண்டிவிடுகிறது. ஆனால் காவடி கிளாஸை, அதாவது அவன் உருவாக்கிய அந்த டைப்பை, அது இன்னும் படிக்கவே இல்லை! இதை ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரைந்து பாருங்கள். வரைந்தபிறகுதான் அவனுக்குப் புரிந்தது.

இப்போது திருத்தம். பக்தர் கிளாஸுக்குள் காவடி முழுதாக இருந்தது. அதற்குக் காவடியின் அளவு தெரிந்தாக வேண்டும், ஆகவே அந்த இன்க்ளூட் தேவை. காவடிக்குள் இருந்ததோ பக்தருக்கான ஒரு பாயிண்டர், அதாவது நினைவகத்தில் பக்தர் இருக்கும் முகவரி, மட்டும். 64 பிட் கணினியில் அது 8 பைட், யாரைச் சுட்டினாலும் அதே அளவுதான். எனவே காவடி ஹெடரில் இருந்த இன்க்ளூடை எடுத்துவிட்டு 'கிளாஸ் பக்தர்' என்று ஒரே வரி எழுதி அரைப்புள்ளி வைத்தோம். இதற்கு ஃபார்வர்ட் டிக்ளரேஷன் என்று பெயர். வட்டம் அறுந்தது.

மறுபடி கம்பைல் செய்தால் 47 போய் 1 மிச்சம்: இன்வேலிட் யூஸ் ஆஃப் இன்கம்ப்ளீட் டைப். விஷுவல் ஸ்டூடியோவாக இருந்தால் சி2027, 'யூஸ் ஆஃப் அன்டிஃபைன்ட் டைப்' என்று வந்திருக்கும். பெயர் தெரிகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை என்று பொருள். காவடி ஹெடருக்குள்ளேயே பக்தரின் பெயரைக் கேட்கும் ஒரு ஃபங்ஷனை எழுதியிருந்தான். ஹெடரில் அறிவிப்பை மட்டும் விட்டு, ஃபங்ஷனின் உடலை, செயல் நிரல் இருக்கும் சிபிபி ஃபைலுக்கு மாற்றி, பக்தர் ஹெடரை அங்கே இன்க்ளூட் செய்தோம்.

சுட்டும் பொருளைத் தானே அழிக்கும் யுனீக் பாயிண்டர் வைப்பவர்கள் இன்னொன்றைக் கவனியுங்கள். ஃபார்வர்ட் டிக்ளரேஷன் மட்டும் இருந்தால், அந்தப் பாயிண்டரை வைத்திருக்கும் கிளாஸின் டிஸ்ட்ரக்டரையும் (பொருள் அழியும்போது ஓடும் ஃபங்ஷன்) சிபிபி ஃபைலில்தான் எழுத வேண்டும். அழிக்கும் இடத்தில் முழு டைப்பும் தெரிய வேண்டும், இல்லாவிட்டால் டைப்பின் அளவைக் கேட்கும் 'சைஸ்ஆஃப்' பற்றி ஒரு நீண்ட எரர் வந்து நிற்கும்.