ஓய்வுக்குப் பிறகு கப்பல் பயணம்: கேபின் தேர்விலிருந்து கடைசி நாள் பெட்டி வரை

எட்டு நாளில் ஏழு ஊர் என்று ஒரு க்ரூஸ் விளம்பரம் சொன்னால், அது வேலையில் இருப்பவர்களுக்குப் போட்ட திட்டம். ஒரு வார லீவுக்குள் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டிய அவசரம் அவர்களுக்கு. ஓய்வு பெற்றவரிடம் நாட்கள் தாராளமாக இருக்கின்றன. முழங்காலும் முதுகும்தான் முன்போல் ஒத்துழைப்பதில்லை. அதனால் கணக்கைத் திருப்பிப் போடுங்கள். ஊர்களைக் குறைத்து, கடலில் கழியும் நாட்களைக் கூட்டுங்கள். தினமும் காலை ஏழு மணிக்கு வரிசையில் நின்று இறங்கி, பஸ் ஏறி, மாலையில் அரக்கப் பரக்கத் திரும்புகிற பயணத்தில் மூன்றாம் நாளே உடம்பு கெஞ்ச ஆரம்பித்துவிடும். பத்து நாள் பயணத்தில் நான்கு ஊர், மீதி கடல் என்றால் நிம்மதி.

எந்த வழி, எந்தக் காலம்

இறங்காமலே பார்க்கக்கூடிய வழித்தடங்கள் இருக்கின்றன; நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு இவைதான் முதல் தேர்வு. பனாமா கால்வாய் சுமார் 80 கிலோமீட்டர். கப்பல் மடைகளில் (தண்ணீரை நிரப்பிக் கப்பலை உயர்த்தும், வடித்துத் தாழ்த்தும் கதவுத் தொட்டிகள்) படிப்படியாக ஏறி, கடல் மட்டத்துக்கு 26 மீட்டர் மேலே இருக்கும் காட்டூன் ஏரியைக் கடந்து, மறுபக்கம் படிப்படியாக இறங்கும். எட்டிலிருந்து பத்து மணி நேரம் ஆகும். நாற்காலியில் உட்கார்ந்தபடியே முழுதும் பார்த்துவிடலாம். நார்வேயின் ஃபியோர்டுகளும் (மலைகளுக்கு நடுவே நீளும் குறுகிய கடல் கால்கள்) அலாஸ்காவின் கிளேசியர் பேயும் இதே வகை. கிளேசியர் பேயில் பெரிய கப்பல்கள் கரையைத் தொடுவதே இல்லை. பனிப்பாறை முன்னால் நின்று, மெதுவாகத் திரும்பும்.

செலவைக் குறைக்க நினைப்பவர்கள் 'ரீபொசிஷனிங்' பயணங்களைத் தேடுங்கள். கரீபியனில் குளிர்காலத்தைக் கழித்த கப்பல்கள் வசந்தத்தில் ஐரோப்பாவுக்குப் போகும், இலையுதிர் காலத்தில் திரும்பும். கப்பல் எப்படியும் போயாக வேண்டும் என்பதால் ஒரு நாளைக்கான கட்டணம் பெரும்பாலும் குறைவாக இருக்கும். பள்ளிக்கூட நாட்கள் என்பதால் பிள்ளைகள் கூட்டமும் இருக்காது. ஆனால் ஒருவழிப் பயணம்; திரும்பும் விமானச் செலவையும் சேர்த்துப் பார்த்துவிட்டு மலிவா இல்லையா என்று முடிவு செய்யுங்கள்.

அட்லாண்டிக்கைக் கடப்பதாக இருந்தால் திசையைக் கவனியுங்கள். மேற்கே போகும்போது கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளுவார்கள். பல நாட்கள் 25 மணி நேரமாக நீளும், ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம். கிழக்கே போனால் அதே நாட்கள் 23 மணி நேரம். ஐந்தாறு நாள் இப்படித் தூக்கம் வெட்டுப்பட்டால், லேசான தூக்கக்காரர்கள் தள்ளாடிப் போவார்கள். அட்லாண்டிக் புயல் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்த மாதங்களில் கரீபியன் பயணம் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் அதுதான். அப்போது பயணம் ரத்தாவதைவிட ஊர் மாறுவதுதான் அதிகம்.

பயணத் திட்டத்தில் 'ரோம்' என்று எழுதியிருக்கும். கப்பல் நிற்பது சிவிட்டாவெக்கியாவில், ரோமிலிருந்து எழுபது கிலோமீட்டருக்கு மேல். 'பாரிஸ்' என்றால் லெ ஹாவ்ர், ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர். 'பெர்லின்' என்றால் வார்னமுண்டே, போக மூன்று மணி நேரம், வர மூன்று மணி நேரம். ஊர்ப் பெயரை நம்பாமல் துறைமுகப் பெயரைக் கேட்டு, வரைபடத்தில் தூரத்தைப் பாருங்கள்.

அடுத்து, 'டெண்டர்' என்ற சொல் திட்டத்தில் எங்கே வருகிறது என்று தேடுங்கள். அங்கே கப்பல் கரையைத் தொடாது. நங்கூரம் போட்டு நின்று, சிறு படகில் ஆட்களை இறக்கும். சாண்டோரினி, கிராண்ட் கேமன் இரண்டும் அப்படித்தான். கப்பலுக்கும் படகுக்கும் இடையே ஓர் அடி எடுத்துத் தாண்ட வேண்டும், அலையில் இரண்டும் வேறு வேறு தாளத்தில் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும்போது. ஊழியர் கையைப் பிடிப்பார், ஆனால் காலைத் தூக்கி வைக்க வேண்டியது நாம்தான். சக்கர நாற்காலியில் இருப்பவரை ஏற்ற மறுக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. அலை அதிகமானால் அந்த ஊரே ரத்து.

கேபின்: விலையைவிட இடம் முக்கியம்

கப்பல் அலையில் சீசா பலகை மாதிரி ஆடுகிறது. இரு முனைகளும் மேலும் கீழும் போகும், நடுப்பகுதி அதிகம் அசையாது. உயரம் கூடக் கூடப் பக்கவாட்டு ஆட்டமும் கூடும். ஆகவே தலைசுற்றல் வருபவர்களுக்குக் கப்பலின் நீளத்தில் நடுவிலும், கீழ்த் தளத்திலும் இருக்கிற கேபின். கப்பலின் பக்கங்களில் நீட்டியிருக்கும் ஸ்டெபிலைசர் துடுப்புகள் பக்கவாட்டு ஆட்டத்தைத்தான் குறைக்கும். மூக்கு ஏறி இறங்குவதை அவற்றால் தடுக்க முடியாது. மேல் தளத்து முன்முனையில் விலை உயர்ந்த சூட் வாங்கிவிட்டு ராத்திரி முழுக்க வாளியோடு உட்கார்ந்திருப்பது அனாவசியம்.

புக் செய்வதற்கு முன் தளப் படத்தைத் திறந்து, உங்கள் கேபினுக்கு நேர் மேலும் நேர் கீழும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலே நீச்சல் குளத் தளம் இருந்தால் விடியற்காலையில் நாற்காலிகளை இழுக்கும் சத்தம். கீழே அரங்கமோ நடனக் கூடமோ இருந்தால் நள்ளிரவு வரை திம் திம். மேலும் கீழும் கேபின்களே இருந்தால் நல்லது. பக்கத்து கேபினுக்குள் திறக்கும் இணைப்புக் கதவு இருந்தால் தவிர்த்துவிடுங்கள், தும்மினால்கூடக் கேட்கும். லிஃப்டிலிருந்து ஏழெட்டுக் கதவு தள்ளி இருப்பது சரியான தூரம். 2024-இல் ஓட ஆரம்பித்த 'ஐகான் ஆஃப் தி சீஸ்' கப்பலின் நீளம் சுமார் 365 மீட்டர். அந்த அளவுக் கப்பலில் பின்முனையில் கேபின் எடுத்தால், முன்பக்கம் போய் வருவதே ஒரு நடைப்பயிற்சி.

'கேரண்டி கேபின்' என்று மலிவாகத் தருவார்கள். வகைக்கு மட்டும்தான் உத்தரவாதம், இடத்தை அவர்கள் முடிவு செய்வார்கள். மேலே சொன்ன எதுவும் உங்களைப் பாதிக்காது என்றால் மட்டும் எடுங்கள்.

சாதாரண கேபினின் கதவு குறுகல், குளியலறை வாசலில் உயரமான நிலைப்படி இருக்கும். சக்கர நாற்காலியோ வாக்கரோ பயன்படுத்துபவர்கள் மாற்றுத்திறனாளிகளுக்கான கேபினைக் கேளுங்கள்: அகலக் கதவு, நிலைப்படி இல்லாத குளியலறை, கைப்பிடிகள், உட்கார்ந்து குளிக்க இருக்கை. ஒரு கப்பலில் சில டஜன்தான் இருக்கும், பல மாதங்களுக்கு முன்பே தீர்ந்துவிடும். தனியாகப் போகிறவர்கள், விளம்பர விலை ஒரு கேபினில் இருவர் தங்கும் கணக்கில் தலைக்கு இவ்வளவு என்பதை மறக்க வேண்டாம். ஒருவர் போனாலும் பெரும்பாலும் ஏறக்குறைய இருவர் கட்டணம்தான். சில கப்பல்களில் ஒருவருக்கான சிறு கேபின்கள் உண்டு.

கிளம்பும் முன்

பாஸ்போர்ட் பயணம் முடிந்த பிறகும் ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். விசாவில்தான் பலர் சறுக்குவார்கள். ஷெங்கன் நாட்டில் (ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளில் ஒன்று) ஏறி, நடுவில் வேறு நாட்டைத் தொட்டு, மறுபடி ஷெங்கன் நாட்டுக்குள் வருவதாக இருந்தால் ஒருமுறை நுழைவு விசா போதாது. பலமுறை நுழைவு வேண்டும். இறங்கவே போவதில்லை என்றாலும் சில நாடுகளுக்கு விசா இல்லாமல் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள்.

இன்சூரன்ஸில் இரண்டு வரிகளைத் தேடிப் படியுங்கள்: ஏற்கனவே இருக்கும் நோய்களுக்குக் கவரேஜ் உண்டா, அவசர மருத்துவ இடமாற்றத்துக்கு எவ்வளவு தொகை. கப்பலில் டாக்டரும் சிறு மருத்துவ அறையும் இருக்கும். முதலுதவி, காய்ச்சல், தையல், ஓரளவு தீவிர சிகிச்சை வரை பார்ப்பார்கள். பெரிய அறுவை சிகிச்சைக்கு இடமில்லை. கைமீறினால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள், அல்லது ஹெலிகாப்டர். டாக்டர் கட்டணம் உங்கள் அறைக் கணக்கில் ஏறும், நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு இன்சூரன்ஸில் கேட்க வேண்டும். பாலிசியை முன்பணம் கட்டிய ஓரிரு வாரத்துக்குள் எடுப்பது நல்லது. பழைய நோய்களுக்கான சலுகைகள் பல பாலிசிகளில் அந்தக் கெடுவுக்குள்தான் கிடைக்கும்.

மருந்துகள்: பயண நாட்களோடு ஒரு வாரத்துக்கு அதிகமாக, கம்பெனி அட்டையோடு, கைப்பையில். துறைமுகத்தில் போர்ட்டரிடம் கொடுத்த பெட்டி கேபின் வாசலுக்கு வந்து சேர மாலை ஆகலாம். மதிய மாத்திரை அதற்குள் மாட்டிக்கொள்ளக் கூடாது. மருந்தின் மூலப் பெயரோடு டாக்டர் கடிதம் ஒன்றும் இருக்கட்டும், ஏனென்றால் கோடீன் கலந்த வலி மாத்திரை போன்றவற்றுக்குச் சில நாடுகளில் கட்டுப்பாடு உண்டு. இன்சுலின் வைக்கக் கேபின் மினிபாரை நம்ப வேண்டாம். பலவற்றில் பானம் ஜில்லென்று இருக்குமே தவிர, 2 முதல் 8 டிகிரி நிலையாக நிற்காது. மருந்துக்கான ஃபிரிட்ஜ் வேண்டுமென்று சில வாரங்கள் முன்பே எழுதிக் கேளுங்கள். தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதற்கான சிபாப் (CPAP) இயந்திரம் வைத்திருப்பவர்கள் காய்ச்சி வடித்த நீரையும் நீட்டிப்பு வயரையும் அப்படியே கேட்டுவிடலாம். வீட்டு சர்ஜ் புரொடெக்டரை (மின்னழுத்த ஏற்றத்திலிருந்து காக்கும் பிளக் பலகை) எடுத்துப் போகாதீர்கள். கப்பலின் மின்சார அமைப்பு வீட்டினது மாதிரி இல்லை, அது சூடேறித் தீப்பிடிக்க வாய்ப்புண்டு. சோதனையிலேயே பிடுங்கி வைத்துவிடுவார்கள்.

ஏறும் ஊருக்கு முந்தைய நாளே போய்ச் சேருங்கள். உங்கள் விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது.

ஏறிய முதல் மணி நேரம்

பஃபேவைப் பார்க்கும் முன் மஸ்டர் நிலையத்தை, அதாவது ஆபத்தின்போது நீங்கள் கூட வேண்டிய இடத்தைப் பாருங்கள். 2012 ஜனவரியில் கோஸ்டா கான்கார்டியா கவிழ்ந்தபோது, அன்று மாலை சிவிட்டாவெக்கியாவில் ஏறிய பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி இன்னும் நடந்திருக்கவில்லை. 32 பேர் இறந்தார்கள். அதன் பிறகுதான் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ பயிற்சியை முடித்தாக வேண்டும் என்று விதி மாறியது. இப்போது பல கப்பல்களில் வீடியோ பார்த்துவிட்டு, மஸ்டர் நிலையத்தில் போய்ப் பதிவு செய்தால் போதும். அங்கே போகும்போது லிஃப்டில் போகாமல், கேபினிலிருந்து படி வழியாக ஒருமுறை நடந்து பாருங்கள். நிஜ ஆபத்தில் லிஃப்ட் கிடையாது. படி இறங்க முடியாதவர்கள் அன்றைக்கே வரவேற்பு மேசையில் பெயர் கொடுத்துவிட்டால் உதவிக்கு ஆள் ஒதுக்குவார்கள். ஏழு குறு ஒலி, ஒரு நெடு ஒலி: அபாய அழைப்பு அதுதான்.

தள்ளாட்டம், வாந்தி, வயிற்றுப்போக்கு

கடல் பயணத்தில் வயதானவர்களை அதிகம் படுத்துவது புயல் அல்ல, வழுக்கி விழுவது. குளியலறை நிலைப்படியும் இருட்டும் சேரும் இடம் மிக மோசம். கேபின் சுவர் பெரும்பாலும் உலோகம்; காந்தம் ஒட்டும். காந்தமுள்ள, பேட்டரியில் எரியும், அசைவு கண்டு ஒளிரும் சிறு விளக்கை குளியலறைக் கதவருகே, முழங்கால் உயரத்தில் ஒட்டிவிடுங்கள். இன்னொன்று: பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது கேபின் கதவைத் திறந்தால் காற்று ஊடே பாய்ந்து, கனமான கதவு படாரென்று அறையும். விரல் நசுங்கும். ஒன்றைச் சாத்திவிட்டு மற்றதைத் திறப்பதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள்.

குமட்டலுக்கு மெக்ளிசின் மாத்திரையை அசைவு தொடங்கும் முன்பே போட வேண்டும், தொடங்கிய பிறகு பலன் குறைவு. காதுக்குப் பின்னால் ஒட்டும் ஸ்கோபோலமைன் பட்டை மூன்று நாள் வேலை செய்யும். ஆனால் வயதானவர்களுக்கு அது குழப்பம், மயக்கம், சிறுநீர் அடைப்பு தரலாம். குறுங்கோண கிளாக்கோமா என்ற கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தொடவே கூடாது. ஒட்டிய கையோடு கண்ணைத் தேய்த்தால் பாவை விரிந்து பார்வை மங்கும், எனவே உடனே சோப்புப் போட்டுக் கழுவுங்கள். எதுவானாலும் உங்கள் டாக்டரிடம் ஊரிலேயே கேட்டு, ஒருமுறை வீட்டிலேயே போட்டுப் பாருங்கள். மருந்தில்லா வழி: திறந்த தளத்துக்கு வந்து அடிவானத்தைப் பார்ப்பது, வயிற்றைக் காலியாகவும் வைக்காமல் புடைக்கவும் விடாமல் இருப்பது.

வாந்தி, வயிற்றுப்போக்கைப் பரப்பும் நோரோ வைரஸுக்கு ஆல்கஹால் ஜெல் போதாது. சாப்பாட்டு வாசலில் ஜெல் பீய்ச்சினாலும், சோப்பும் தண்ணீரும் கொண்டு 20 வினாடி கழுவுங்கள். அறிகுறி வந்தால் மறைக்காமல் சொல்லி, கேபினிலேயே இருங்கள்.

பணமும் போனும்

கிளம்பியவுடன் போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். கப்பலின் செல்போன் நெட்வொர்க்கில் ஒட்டிக்கொண்டால் பில் பயமுறுத்தும். டிப்ஸ் தினமும் தலைக்கு இவ்வளவு என்று தானாகவே கணக்கில் ஏறும். பானப் பேக்கேஜ் வாங்கும் முன், ஊரில் இறங்கும் நாட்களில் எத்தனை குடிப்பீர்கள் என்று நேர்மையாக எண்ணுங்கள். பல கம்பெனிகளில் ஒருவர் வாங்கினால் அதே கேபினில் இருக்கும் மற்றப் பெரியவரும் வாங்க வேண்டும், அங்கேதான் கணக்கு இடிக்கும். அறைக் கணக்குக்கு டெபிட் கார்டு வேண்டாம். உங்கள் பணத்தைப் பல நாள் முடக்கி வைப்பார்கள்.

ஊரில் இறங்கும் நாள்

கப்பல் நேரமும் ஊர் நேரமும் வேறாக இருக்கலாம். போன் தானாக ஊர் நேரத்துக்கு மாறிவிடும். அதனால் ஒரு சாதாரணக் கைக்கடிகாரத்தைக் கப்பல் நேரத்தில் கட்டிக்கொள்ளுங்கள். கிளம்பும் நேரத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே ஏறிவிட வேண்டும். கப்பல் நடத்தும் சுற்றுலா தாமதமானால் காத்திருப்பார்கள், சொந்த ஏற்பாட்டில் போனவர்களுக்கு இல்லை. கப்பலைத் தவறவிட்டால் அழைக்க, கப்பலில் தரும் தினசரித் தாளில் துறைமுக ஏஜென்ட் எண் இருக்கும், போட்டோ எடுத்து வையுங்கள். காலையில் சமமாக இருந்த நடைபாலம், மாலையில் கடல் ஏற்றத்தால் செங்குத்தாகச் சாய்ந்திருக்கலாம். தெம்பு மிச்சம் வைத்துத் திரும்புங்கள். எல்லோரும் இறங்கிய பிறகு காலியான கப்பலில் இருந்துவிடுவதும் ஒரு நல்ல திட்டம்தான். குளத்துக்குப் பக்கத்தில் விரும்பிய நாற்காலி கிடைப்பது அன்று மட்டும்தான்.

கடைசி இரவு

கணக்கை முந்தைய மாலையே டிவியிலோ ஆப்பிலோ சரிபாருங்கள். காலையில் வரவேற்பு மேசை வரிசை நீளும். பெட்டிகளை இரவே கேபின் வாசலில் வைக்கச் சொல்வார்கள். மருந்து, பாஸ்போர்ட், மறுநாள் உடுப்பு, செருப்பு நான்கையும் வெளியே எடுத்து வைத்த பிறகு பெட்டியைப் பூட்டுங்கள். எல்லாவற்றையும் உள்ளே வைத்து அனுப்பிவிட்டு, இரவு உடையோடு சுங்க வரிசையில் நிற்பவர்கள் உண்டு. இறங்கும் வரிசையில் கடைசி எண்ணைக் கேட்டு வாங்குங்கள், விமானத்தை மதியத்துக்குப் பிறகு போடுங்கள். வீடு வந்த பிறகும் ஓரிரு நாள் தரை ஆடுவதுபோல் இருக்கும். அதுவரை மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்தே இறங்குங்கள்.