முன்னே போனவர்களின் தடம்: பனிமலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சம்பா அறுவடை முடிந்ததும் கும்பகோணத்துப் பக்கத்து இளைஞர்கள் சிலரை ஆண்டுதோறும் உத்தராகண்ட் மலைகளுக்கு அழைத்துச் செல்கிறேன். கொள்ளிடக் கரையில் முதுகுச் சுமையோடு நடந்து பழகும்போது அவர்கள் பேசுவதைக் கேட்டால், என் பழைய பிழைகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வருகின்றன. கையுறையை மறப்பது போன்றவற்றைக் குளிரே கற்றுத் தந்துவிடும் என்பதால் அவற்றை விட்டுவிட்டு, பனிச்சரிவில் சிக்கவைக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

தடத்தை நம்புவது

"முன்னாடி பத்துப் பேர் போயிருக்காங்க சார், நமக்கென்ன?" என்று இந்த ஆண்டும் ஒருவர் கேட்டார். என் முதல் பயணத்தில் வழிகாட்டியிடம் இதையே சொன்னவன் நான் என்பதால், இந்தப் பேச்சு இன்றும் எரிச்சலூட்டுகிறது.

களத்தில் நெல் குவியலை மூடிய தார்ப்பாயை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே பிடித்திருக்கும் கட்டு அவிழ்ந்தால் ஒரு மூலை மட்டுமா சரிகிறது? பனியும் அப்படித்தான். குளிரில் அடிப்பனி சீனியைப் போல ஒட்டாத மணிகளாகிவிட, அதன்மேல் காற்று அடித்துச் சேர்த்த பனி பலகையாக இறுகிக் கிடக்கும். பலகை தடித்த இடத்தில் பத்துப் பேரைத் தாங்கும். பாறையோரம் மெலிந்த இடத்தில் பதினோராவது ஆளின் கால் அடியிலுள்ள மணிகளை அழுத்திவிட, முழுப் பலகையும் பனிச்சரிவாக இறங்கிவிடும்.

அந்த முதல் பயணத்தில் படம் எடுப்பதற்காகத் தடத்தைவிட்டு இரண்டடி விலகினேன். 'தொம்' என்ற ஓசையோடு காலடிப் பனி அமிழ்ந்து, நூல் பிடித்தாற்போல ஒரு விரிசல் ஓடியது. நின்ற இடம் சமதளம். ஆயினும் அந்த அதிர்வு தலைக்கு மேலிருந்த சரிவையும் இழுத்துவிட்டிருக்கக்கூடும். வழிகாட்டி ஒரு சொல்லும் சொல்லாமல் திரும்பி நடந்தார். மூன்று நாள் ஏறி வந்த கணவாயைப் பார்க்காமலே இறங்கினோம்.

சரிவைக் கண்ணால் அளப்பது

ஆற்றங்கரையைத் தவிர மேடு அறியாத நமக்குச் சரிவின் கணக்குப் பிடிபடுவதில்லை. இப்படிப் பலகையாக இறங்கும் பனிச்சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 பாகை வரையுள்ள இடங்களில் நிகழ்வதால், கைப்பேசியின் கோணமானியால் நிற்கும் இடத்தை மட்டுமன்றி, தலைக்கு மேலுள்ளதையும் அளக்க வேண்டும்.

வானம் தெளிந்ததும் கிளம்புவது

பெரும்பனி பொழிந்த மறுநாள் வெயில் அழகாக இருக்கும். ஆனால் புதுப்பனி நிலைகொள்ள ஒரு நாளாவது பொறுங்கள்.

பனிச்சரிவு குளிர்காலத்துக்கே உரியது என்று நினைப்பது

உத்தராகண்டின் திரௌபதி கா தண்டா-2 சிகரத்தில் மலையேற்றப் பயிற்சிக் குழுவினர் 25-க்கும் மேற்பட்டோரைப் பனிச்சரிவு பலிகொண்டது 2022 அக்டோபர் 4 அன்று.

கருவியைப் பையில் வைப்பது

பனியில் புதைந்தவரைத் தேடிக் கண்டுபிடிக்க உதவும் சமிக்ஞைக் கருவி உடலோடு கட்டப்பட்டு, இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். புதைந்தவரைச் சுமார் 15 நிமிடங்களுக்குள் வெளியே எடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம். அதன்பின் அது மளமளவென்று குறைகிறது. ஆகவே கொள்ளிடத்து மணலில் கருவியோடு ஒரு சாக்கைப் புதைத்துத் தேடச் சொல்கிறேன். இந்த ஆண்டுக் குழு முதல் முறை அதைத் தோண்டி எடுக்க 22 நிமிடங்கள் ஆயின.