பழைய கார் வாங்குமுன் பதிவுத் தேதியையும் பிஎஸ் நிலையையும் சரிபார்ப்பது எப்படி?

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கப் போகும்போது எல்லோரும் முதலில் ஓடிய கிலோமீட்டரைக் கேட்கிறோம். அதற்கும் முன்னால் கேட்க வேண்டியவை இரண்டு. கார் முதன்முதலில் எப்போது பதிவானது? அது எந்த பிஎஸ் (பாரத் ஸ்டேஜ், நம் நாட்டின் வாகனப் புகை விதி) நிலை? முதல் கேள்வி, பதிவு இன்னும் எத்தனை வருடம் செல்லும் என்பதற்கு. இரண்டாவது, அந்த வண்டிக்கு உரிய புகை வரம்பு எது என்பதற்கு. பழைய காரைப் புது நிலைக்கு மாற்றச் சொல்லி யாரும் கேட்பதில்லை. தயாரானபோது எந்த நிலையோ, கடைசிவரை அதே வரம்புதான்.

1. ஆர்சியை (பதிவுச் சான்றிதழ்) வாங்கிப் பாருங்கள்

முதல் பதிவுத் தேதி, தயாரான மாதம், வருடம் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சொந்தக் காரின் பதிவு செல்லும் 15 வருடக் கணக்கு முதல் பதிவிலிருந்தே ஓடுகிறது. நடுவில் நான்கு கை மாறியிருந்தாலும் கணக்கு மாறாது.

2. பிஎஸ் நிலையைக் கண்டுபிடியுங்கள்

2020 ஏப்ரலுக்குப் பிறகு பதிவான புது கார் என்றால் பிஎஸ்-6. பிஎஸ்-5 என்ற நிலையே நம் நாட்டில் வரவில்லை, அதைத் தாண்டிவிட்டார்கள். 2017 ஏப்ரலிலிருந்து 2020 மார்ச் வரை நாடு முழுக்கக் குறைந்தது பிஎஸ்-4.

குழப்பம் 2010 முதல் 2017 வரையிலான கார்களில்தான். 2010 ஏப்ரலில் பிஎஸ்-4 கட்டாயமானது சென்னை, டெல்லி, மும்பை உள்ளிட்ட 13 நகரங்களில் மட்டும். மற்ற ஊர்களுக்கு பிஎஸ்-3 போதும் என்றிருந்தது. ஆகவே 2013இல் சென்னையில் பதிவான கார் பிஎஸ்-4. அதே வருடம் மதுரையில் பதிவானது பிஎஸ்-3 ஆகவும் இருக்கலாம். வருடத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். விற்பவர் வாய்ச்சொல்லையும் நம்ப வேண்டாம். மத்திய அரசின் பரிவாகன் இணையதளத்தில் வண்டி எண்ணைக் கொடுத்தால் எமிஷன் நார்ம்ஸ் என்ற இடத்தில் நிலை பதிவாகியிருக்கும்.

3. புகைச் சான்றிதழில் எண்களைப் படியுங்கள்

புது வண்டிக்கு முதல் ஒரு வருடம் இந்தச் சான்றிதழ் தேவையில்லை. அப்புறம் பிஎஸ்-4க்கும் அதற்கு மேலும் ஒரு வருடம் செல்லும், பழையவற்றுக்கு ஆறு மாதம்தான். பிஎஸ்-4 பெட்ரோல் காரில் கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதத்தையும் ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம்மையும் (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) தாண்டக் கூடாது. பிஎஸ்-3க்கு இவை 0.5 சதவீதம், 750 பிபிஎம். டீசலில் புகை அடர்த்தி பிஎஸ்-4க்கு 50, அதற்கு முந்தையவற்றுக்கு 65.

தாளில் இருக்கும் எண்ணோடு நிறுத்திக்கொள்ளாமல், கூடவே போய் எஞ்சின் சூடான பிறகு புதிதாக ஒரு டெஸ்ட் எடுத்துவிடுங்கள். புகையின் நச்சைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றிய கார்கள் சந்தைக்கு வருகின்றன. நாம் விடும் புகை நம் தெருப் பிள்ளைகள் மூச்சில்தான் போகிறது. பிஎஸ்-6 டீசல் என்றால் புகைவடிகட்டியின் எச்சரிக்கை விளக்கு எரிகிறதா என்றும் பாருங்கள். ஊருக்குள்ளேயே மெதுவாக ஓடிய வண்டிகளில் அது அடைத்துக்கொள்ளும், சரிசெய்யச் செலவு அதிகம்.

4. 15 வருடம் நெருங்கினால்

ஆர்டிஓ அலுவலகத்தில் வண்டியைக் காட்டி எஃப்சி (தகுதிச் சான்றிதழ்) எடுத்து, பதிவைப் புதுப்பிக்க வேண்டும். ஒருமுறை புதுப்பித்தால் 5 வருடம். தமிழ்நாட்டில் பசுமை வரியும் உண்டு. 13, 14 வருடக் காருக்கு விலை பேசும்போது இந்தச் செலவைக் கழித்தே பேசுங்கள்.

5. டெல்லி கார் மலிவாக வந்தால்

டெல்லி வட்டாரத்தில் 10 வருடம் தாண்டிய டீசலுக்கும் 15 வருடம் தாண்டிய பெட்ரோலுக்கும் தடை இருந்ததே அந்த விலைக்குக் காரணம். 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வயதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது. டிசம்பரில் அதைத் திருத்தி, பிஎஸ்-4க்குக் கீழே உள்ளவற்றுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றது. தமிழ்நாட்டில் 10 வருட டீசல் தடை கிடையாது. ஆனால் இங்கே கொண்டுவந்து பதிவு செய்தால் சாலை வரி புதிதாகக் கட்ட வேண்டும்; வயதுக் கணக்கும் டெல்லியில் பதிவான நாளிலிருந்தே. படிவம் 28இல் என்ஓசி (தடையில்லாச் சான்று) கைக்கு வந்து, அதில் நம் ஆர்டிஓ பெயர் சரியாக இருப்பதைப் பார்த்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.