ஓடைக் குகையா? முதலில் கூரையைப் பாருங்கள்

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஈப்போ, கோப்பெங் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் மலைகளில் ஓடை ஓடும் குகைகள் நிறைய. குவா தெம்புரோங் போன்ற பெரிய குகைகளில் வழிகாட்டி உண்டு. பெயர் தெரியாத சின்னக் குகைகளில் நம் கண்தான் துணை.

நுழைந்ததும் டார்ச்சைக் கூரைப் பக்கம் அடியுங்கள். தலைக்கு மேல் பாறை இடுக்கில் சருகு, சுள்ளி, பிளாஸ்டிக் பை செருகிக் கிடந்தால், வெள்ளம் அந்த உயரத்துக்கு வந்து போயிருக்கிறது என்று அர்த்தம். குனிந்து போகும் பாதையில் அப்படிப் பார்த்தால் நானாக இருந்தால் திரும்பிவிடுவேன்.

பேராக்கில் இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான். காலையிலேயே போய், நண்பகலுக்குள் வெளியே வந்துவிடுங்கள். வாசலில் வெயில் அடிப்பதை நம்பாதீர்கள். மலைக்கு அந்தப் பக்கம் பெய்தாலும் பாறை வெடிப்புகள் வழியே தண்ணீர் விறுவிறுவென்று இறங்கிவிடும். தெளிந்த ஓடை கலங்கினாலோ, இரைச்சல் கூடினாலோ உடனே கிளம்புங்கள். வழி ஏற்கெனவே மூழ்கிவிட்டதா? நீந்திப் பார்க்க வேண்டாம், உயரமான திட்டில் ஏறிக் காத்திருங்கள். 2018-இல் தாய்லாந்தின் தாம் லுவாங் குகையில் சிக்கிய 12 சிறுவர்களும் பயிற்றுநரும் மேட்டில் ஒதுங்கித்தான் தாக்குப்பிடித்தார்கள்.

ஆளுக்கு மூன்று விளக்கு, அதில் ஒன்று தலையில். காலுக்கு, பால்மரம் சீவப் போகிறவர்கள் போடும் கறுப்பு ரப்பர் சப்பாத்தே போதும். விலை குறைவு, வழுக்காது. காலில் புண் இருந்தால் அன்றைக்குப் போகாதீர்கள், எலிக்காய்ச்சல் கிருமி தண்ணீரிலிருந்து புண் வழியே உடம்புக்குள் புகுந்துவிடும்.