தனி கேம் டெவலப்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து விளம்பரம் செய்வது எப்படி? தொடக்கநிலை வழிகாட்டி

விளம்பரத்துக்குப் போடப் பணம் இல்லாத டெவலப்பரிடமும் ஒரு சொத்து உண்டு: ஏற்கெனவே அவருடைய கேமை விளையாடிக்கொண்டிருக்கும் சில நூறு பேர். அவர்கள் எப்படியும் அடுத்து வேறொரு கேமைத் தேடப் போகிறவர்கள்தான். அந்த நேரத்தில் உங்கள் கேமுக்குள் இன்னொரு டெவலப்பரின் கேமைக் காட்டுகிறீர்கள், அவர் தன் கேமுக்குள் உங்களுடையதைக் காட்டுகிறார். இதைத்தான் க்ராஸ் ப்ரமோஷன் என்கிறார்கள். பணம் கைமாறாது, ஆனால் கணக்கு உண்டு. இப்படிச் சேரும் குழுக்கள் பெரும்பாலும் உடைவது அந்தக் கணக்கில்தான் என்பதால், கீழே அதற்கே அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

படி 1: ஆள் சேர்ப்பது

நான்கு முதல் ஆறு கேம் போதும். பத்துக்கு மேல் போனால் வாராவாரம் கணக்குப் பார்க்கவே ஒரு ஆள் வேண்டியிருக்கும்.

ஒரே மாதிரி ஆட்கள் விளையாடும் கேம்களாக இருக்க வேண்டும், ஆனால் ஒரே கேமாக இருக்கக் கூடாது. சொல் புதிரும் எண் புதிரும் ஒத்துப்போகும். இரண்டு சுடோகு சேர்ந்தால் ஒருவர் ஆளை இன்னொருவர் இழுப்பதில்தான் முடியும். நாடும் மொழியும் பொருந்த வேண்டும். ஒருவருடைய ஆட்கள் பெரும்பாலும் பிரேசிலில் இருந்து, இன்னொருவருடையது தமிழ் எழுத்து மட்டும் உள்ள சொல் விளையாட்டு என்றால், இருவரும் கை குலுக்கிவிட்டுப் பிரிவதே நல்லது.

சேரும் முன் ஒவ்வொருவரும் நான்கு விவரங்களைத் தர வேண்டும்: கடந்த 28 நாளின் சராசரி தினசரி ஆட்கள், முதல் நாள் வந்தவர்களில் மறுநாள் திரும்புவோர் சதவீதம், நாடு வாரியான பிரிவு, வயது மதிப்பீடு. வாய்மொழியாக வேண்டாம். ப்ளே கன்சோல் அல்லது ஆப் ஸ்டோர் கனெக்ட் (கூகுளும் ஆப்பிளும் டெவலப்பர்களுக்குத் தரும் நிர்வாகப் பக்கங்கள்) திரையைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். குழந்தைகளுக்கான கேமை இந்தக் கூட்டில் சேர்க்காமல் இருப்பதே நலம். ஆப்பிளின் கிட்ஸ் பிரிவில் வெளி லிங்குக்கு முன்னால் பெற்றோர் தடுப்புத் திரை கட்டாயம், கூகுளின் குடும்ப விதிகள் விளம்பர விஷயத்தில் தனியாகக் கடுமையானவை.

படி 2: அளவு பொருந்துகிறதா என்று கணக்குப் போடுவது

தினசரி ஆட்கள் 4000, 900, 600, 300, 200 என்று ஐந்து கேம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். விளையாடும் ஒவ்வொருவருக்கும் ஒரு நாளில் ஒரு கார்டு (இன்னொரு கேமின் படமும் லிங்கும் உள்ள சின்ன விளம்பரம்) காட்டினால் மொத்தம் 6000 காட்சி. கொடுத்த அளவுக்கே திருப்பித் தருவது என்று முடிவெடுத்தால் பெரிய கேமுக்கு 4000 காட்சி சேர வேண்டும். ஆனால் எந்த கேமும் தன்னையே காட்டிக்கொள்ளாது. மற்ற நான்கும் சேர்ந்து கொடுக்கக்கூடியதே 2000தான். எத்தனை நல்ல மனதோடு இருந்தாலும் அந்தக் கடனை அடைக்க முடியாது. சில வாரத்தில் பெரிய கேம்காரர் 'எனக்கு என்ன லாபம்?' என்று கேட்பார். கேட்பது நியாயம்தான்.

எனவே, மிகப் பெரிய கேம் மிகச் சின்ன கேமைப் போல மூன்று மடங்குக்குள் இருக்கட்டும். அதைவிடப் பெரிய ஒருவர் வருகிறார் என்றால் அவருக்குக் காட்சியாக இல்லாமல் வேறு வகையில் கொடுங்கள்: மொழிபெயர்ப்பு, ஒலி, சோதனை ஆட்கள் என்று முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ளுங்கள்.

இப்போது 900, 700, 600, 500, 300 என்ற ஐந்தை எடுப்போம். மொத்தம் 3000. இதில் 30 சதவீதத்தை, அதாவது 900 காட்சியை, எல்லோருக்கும் சமமாகப் பிரித்தால் கேமுக்கு 180. மீதி 2100ஐ அவரவர் கொடுக்கும் அளவுக்கு ஏற்பப் பிரித்தால் 630, 490, 420, 350, 210. கூட்டினால் இலக்கு 810, 670, 600, 530, 390. பெரியவர் கொஞ்சம் விட்டுக்கொடுக்கிறார், சின்னவருக்கு வளர இடம் கிடைக்கிறது. 30 என்பது விதியல்ல. 20க்கும் 40க்கும் இடையில் உங்களுக்குள் பேசி முடிவு செய்யலாம்.

படி 3: ஒரு பக்க ஒப்பந்தம்

வக்கீல் வேண்டாம். எல்லோரும் திருத்தக்கூடிய ஒரு கூகுள் டாக் போதும். கார்டு எந்தத் திரையில் வரும், ஒருவருக்கு நாளைக்கு எத்தனை முறை, பங்கீட்டுச் சூத்திரம், கணக்குத் தரும் நாள், விலக வேண்டுமானால் எத்தனை நாள் முன்னறிவிப்பு (14 நாள் போதும்), எந்த மாதிரி கேமை யாரும் மறுக்கலாம் (சூதாட்டம், ஆபாசம்) ஆகியவை அதில் இருக்கட்டும். எல்லாவற்றையும் விட முக்கியம், பொதுக் கோப்பை (எந்த கேமின் கார்டு வரும் என்று எல்லா கேமுக்கும் சொல்லும் கோப்பு, படி 5-ல் வருகிறது) திருத்தும் உரிமை யாரிடம் இருக்கும் என்பது. இரண்டு பேரிடம் இருக்கட்டும். ஒருவரிடம் மட்டும் இருந்தால், அவர் ஊருக்குப் போன வாரத்தில்தான் ஏதாவது உடையும்.

படி 4: படங்களும் லிங்குகளும்

கார்டுக்கென்று புதிதாகப் படம் வரையச் சொல்லாதீர்கள். ப்ளே ஸ்டோருக்காக எல்லோரிடமும் 1024×500 அளவில் ஒரு முகப்புப் படமும் 512×512 ஐகானும் ஏற்கெனவே இருக்கும். அவையே போதும். முகப்புப் படத்தை 100 கேபிக்குள் சுருக்குங்கள். படத்துக்குள் எழுத்து வேண்டாம். கேமின் பெயரும் ஒரு வரி விளக்கமும் தனி எழுத்தாக வந்தால்தான் பல மொழிகளில் மாற்ற முடியும்.

லிங்க் விஷயத்தில் புதியவர்கள் தவறாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு: விளம்பரம் பெறும் கேமின் சொந்தக்காரர்தான் தன் லிங்கை உருவாக்கி மற்றவர்களுக்குத் தர வேண்டும். ஆப்பிளில் கேம்பெயின் லிங்கை (ஆள் எங்கிருந்து வந்தார் என்று அறிக்கையில் காட்டும் லிங்க்) ஆப் ஸ்டோர் கனெக்டின் அனலிட்டிக்ஸ் பகுதியில் உருவாக்கலாம். அதில் உள்ள ப்ரொவைடர் எண் அந்தக் கணக்குக்கே உரியது. காட்டுபவர் தன் எண்ணைப் போட்டால் லிங்க் வேலை செய்யும், இன்ஸ்டாலும் ஆகும், ஆனால் யாருடைய அறிக்கையிலும் அது சரியாகத் தெரியாது. ஆட்கள் மிகக் குறைவாக வந்தாலும் ஆப்பிள் அந்த வரியைக் காட்டாது என்பதால், முதல் சில நாள் காலியாக இருந்தால் பதற வேண்டாம்.

ஆண்ட்ராய்டில் ப்ளே ஸ்டோர் லிங்கின் பின்னால் ரெஃபரர் (ஆள் எங்கிருந்து வந்தார் என்று சொல்லும் பகுதி) என்ற பகுதியைச் சேர்த்து, அதற்குள் யூடிஎம் சோர்ஸ் (utm_source) என்பதில் காட்டும் கேமின் பெயரையும், யூடிஎம் கேம்பெயின் (utm_campaign) என்பதில் கூட்டின் பெயரையும் தருகிறோம். ரெஃபரருக்குள் வரும் சமக்குறியையும் (=) இணைப்புக்குறியையும் (&) சதவீதக் குறியீடாக (%3D, %26) மாற்றியே தீர வேண்டும். மாற்றாவிட்டால் முதல் இணைப்புக்குறிக்குப் பிறகு உள்ளது ரெஃபரரில் சேராது. சோர்ஸ் மட்டும் பதிவாகி கேம்பெயின் காணாமல் போயிருந்தால் காரணம் இதுதான். ஐந்து கேம் என்றால் ஒவ்வொருவரும் நான்கு ஆண்ட்ராய்டு லிங்க், நான்கு ஐஃபோன் லிங்க் தர வேண்டும்.

படி 5: பொதுக் கோப்பு

எந்த கேமின் கார்டு வரும் என்பதைக் கேமின் கோடுக்குள் (நிரலுக்குள்) எழுதிவிடாதீர்கள். எழுதினால் ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து பேரும் அப்டேட் விட வேண்டியிருக்கும். ஒரு ஜேசன் (JSON, தகவலை வரிசையாக எழுதி வைக்கும் எழுத்து வடிவம்) கோப்பை கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடத்தில் வையுங்கள். எல்லா கேமும் திறக்கும்போது அதைப் படிக்கட்டும். ஒவ்வொரு கேமுக்கும் அதில் இருக்க வேண்டியவை: அடையாளப் பெயர், தலைப்பு, ஒரு வரி விளக்கம், பட முகவரி, இரண்டு கடைகளுக்குமான லிங்குகள், எடை எண் (இது பெரிதாக உள்ள கேமின் கார்டு அதற்கேற்ப அதிகம் வரும்), தொடக்கத் தேதி, முடிவுத் தேதி.

ஒரே ஒரு காற்புள்ளி தவறாக விழுந்தாலும் கோப்பு முழுவதும் படிக்க முடியாமல் போய், கவனமில்லாமல் எழுதிய கோடு ஐந்து கேமையும் ஒரே நேரத்தில் கிராஷ் ஆக்கும். அதனால் மூன்று காப்பு: கோப்பு 3 வினாடியில் வராவிட்டால் விட்டுவிடுங்கள். வந்தது சரியாகப் படிக்கப்பட்டால் மட்டும் போனில் சேமியுங்கள், இல்லையென்றால் பழைய பிரதியைப் பயன்படுத்துங்கள். பிரதியும் இல்லையென்றால் கார்டே வரக் கூடாது, பிழைச் செய்தியும் வரக் கூடாது.

ஒருவர் போனில் ஏற்கெனவே இருக்கும் கேமைக் காட்டாமல் இருக்கலாமே என்று தோன்றும். ஆண்ட்ராய்டு 11 முதல் வேறு ஆப் இருக்கிறதா என்று பார்க்க, அதன் பெயரை மேனிஃபெஸ்டில் (ஆப்போடு சேர்ந்தே வரும் விவரக் கோப்பு) முன்பே எழுதியிருக்க வேண்டும். புதிதாக ஒருவர் சேர்ந்தால் திரும்பவும் எல்லோரும் அப்டேட் விட வேண்டும். இந்தத் தலைவலி தேவையில்லை. ஒருவர் ஒரு கார்டைத் தட்டிவிட்டால் அந்த கேமை அவருக்கு 30 நாள் காட்டாதீர்கள். தட்டாமலே மூன்று முறை மூடிவிட்டாலும் அப்படியே. இதை போனிலேயே குறித்துக்கொள்ளலாம்.

படி 6: கார்டு எங்கே, எப்போது

கேம் திறந்தவுடன் காட்டாதீர்கள், அப்போது வந்தவர் உங்கள் கேமை விளையாட வந்திருக்கிறார். முதல் இரண்டு முறை திறப்பவருக்கு எதுவும் வேண்டாம். மூன்றாவது முறையிலிருந்து, ஒரு லெவலை ஜெயித்த பிறகு வரும் திரையில் காட்டுங்கள். தோற்றவுடன் வரும் திரை ஆகாது. அங்கே விரல் மறுபடி ஆடும் பட்டனைத் தேடி வேகமாகத் தட்டிக்கொண்டிருக்கும், கார்டு அந்த இடத்தில் வந்து விழுந்தால் தவறுதலாக ஸ்டோர் திறக்கும். தட்டல் எண்ணிக்கை திடீரென்று எகிறி, இன்ஸ்டால் மட்டும் அசையாமல் இருந்தால் காரணம் அநேகமாக இதுதான்.

கார்டு தோன்றி அரை வினாடி வரை எந்தத் தட்டலையும் ஏற்காதீர்கள். மூடும் பட்டன் ஆண்ட்ராய்டில் குறைந்தது 48 டிபி, ஐஃபோனில் 44 பாயிண்ட் (இரண்டும் திரை அளவுக்கான அலகுகள்) இருக்கட்டும். மங்கலான சின்னக் குறியாக அதை ஒளித்து வைத்தால் அன்றே ஒற்றை நட்சத்திர விமர்சனம் வரும், அது உங்கள் கேமுக்குத்தான் வரும். கார்டின் மூலையில் 'விளம்பரம்' என்று எழுதுங்கள், ப்ளே கன்சோலிலும் விளம்பரம் உண்டு என்று குறிப்பிடுங்கள்.

படி 7: மொய் நோட்டு

கல்யாண வீட்டு மொய் நோட்டுப் போல யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று ஒரு கூகுள் ஷீட்டில் எழுதி வரவேண்டும். எதை எண்ணுவது? இன்ஸ்டாலை எண்ணினால், ஸ்டோர் பக்கம் மோசமாக உள்ள ஒருவர் 'நீங்கள் எனக்கு ஒன்றும் தரவில்லை' என்பார். தட்டலை எண்ணினால் தவறுதலான தட்டலும் சேரும். திரையில் முழுதாக ஒரு வினாடியாவது நின்ற கார்டை ஒரு காட்சியாக எண்ணுவதே நியாயம் என்பது எங்கள் கருத்து. தட்டலும் இன்ஸ்டாலும் குறையைக் கண்டுபிடிக்க மட்டும். 'கார்டு தெரிந்தது', 'கார்டு தட்டப்பட்டது' என்ற இரண்டு நிகழ்வுகளை ஃபயர்பேஸில் (கூகுளின் ஆப் புள்ளிவிவரக் கருவி) பதிவு செய்து, எந்த கேமின் கார்டு என்பதையும் சேர்த்துக்கொண்டால் போதும். மொத்த எண்ணை மட்டும் பகிருங்கள். சாதன அடையாளங்களை ஒருவருக்கொருவர் பரிமாறினால் ஐஃபோனில் கண்காணிப்பு அனுமதி கேட்க வேண்டிவரும்.

முதல் வாரக் கணக்கு இலக்கோடு ஒத்துப்போகாது. கோடில் பிழை தேடாதீர்கள். படி 2-ல் வந்த 810, 670 முதலிய எண்களையே எடையாகப் போட்டால், எந்த கேமும் தன்னைக் காட்டாது என்பதால் பெரிய கேமுக்கு நாளைக்கு 810க்குப் பதில் சுமார் 703தான் வரும், சின்னதற்கு 390க்குப் பதில் 454 போய்விடும். வாரக் கடைசியில் ஒவ்வொரு எடையையும் 'இலக்கு வகுத்தல் வந்தது' என்ற எண்ணால் பெருக்குங்கள். பெரிய கேமின் எடை 810 என்பது சுமார் 933 ஆகும், சின்னதன் எடை 335க்கு இறங்கும். சில வாரம் இப்படிச் செய்தால் இடைவெளி குறைந்துவிடும்.

தட்டல் நன்றாக இருந்து, எல்லா கேமிலிருந்து வருபவர்களும் இன்ஸ்டால் செய்யாமல் திரும்பினால் அந்த கேமின் ஸ்டோர் பக்கத்தில் கோளாறு. ஒரே ஒரு கேமிலிருந்து வருபவர்கள் மட்டும் திரும்பினால், அங்கே கார்டு இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

கடையின் கோட்டைத் தாண்டாமல்

இன்ஸ்டால் செய்தால் 50 காயின் என்று தரவே தராதீர்கள். சலுகை காட்டி இன்ஸ்டாலோ ரேட்டிங்கோ வாங்குவதை கூகுள் முறைகேடாகவே பார்க்கிறது. குழுவுக்குள் ஆளுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வதும் இதே கணக்கில்தான் வரும். மற்றவர்களின் கேம்களை ஆப் ஸ்டோர் மாதிரியே அடுக்கிக் காட்டும் திரையை ஆப்பிள் ஏற்காது. பிறருடைய ஆப்களைப் பரிந்துரைத்துப் பெரிதாக வளர்ந்திருந்த ஆப்கிராட்டிஸ் 2013 ஏப்ரலில் ஆப் ஸ்டோரிலிருந்து நீக்கப்பட்டது. ஒரு நேரத்தில் ஒரு கார்டு என்று நிறுத்திக்கொள்ளுங்கள்.

ஒரே வாரத்தில் விலைக்குறைப்பு

காசு கொடுத்து வாங்கும் கேம்கள் என்றால் எல்லோரும் ஒரே வாரத்தில் விலையைக் குறைக்கலாம். 2012 மே 24 முதல் ஜூன் 1 வரை 'பிகாஸ் வீ மே' என்ற பெயரில் பல தனி டெவலப்பர்கள் ஒன்றாக இப்படிச் செய்தார்கள். ஐந்து பேரின் கேம்களையும் ஒரே பொட்டலமாக ஆப் ஸ்டோரில் விற்க முடியாது, ஆப் பண்டில் என்பது ஒரே டெவலப்பரின் ஆப்களுக்கு மட்டும். ப்ளே ஸ்டோரில் விலையைப் பூஜ்யமாக மாற்றிவிட்டால் அந்த கேமைத் திரும்பக் கட்டணத்துக்குக் கொண்டுவர வழியில்லை. கன்சோலில் உள்ள தள்ளுபடி வசதியையே பயன்படுத்துங்கள்.

இன்னும் வெளியாகாத கேமுக்கு

2023 நவம்பர் 13க்குப் பிறகு தொடங்கிய தனிநபர் ப்ளே கணக்குகள், கேமை வெளியிடும் முன் மூடிய சோதனையில் (அழைத்தவர்கள் மட்டும் சேரும் சோதனை) 12 பேரைத் தொடர்ந்து 14 நாள் வைத்திருக்க வேண்டும். முன்பு இது 20 பேராக இருந்தது. ஐந்து டெவலப்பரும் தலா மூன்று பேரைக் கொண்டுவந்தால் 15 ஆகிறது. நடுவில் இரண்டு பேர் விலகினாலும் 13 மிஞ்சும், சரியாக 12 வைத்துத் தொடங்கினால் ஒருவர் போனாலே சிக்கல். சேர்ந்துவிட்டு கேமைத் திறக்காமல் இருப்பதும் உதவாது. தினமும் ஐந்து நிமிடம் விளையாடி, கண்ட பிழையை எழுதச் சொல்லுங்கள். வெளியீட்டு அனுமதி கேட்கும்போது சோதனையில் என்ன தெரிந்தது, என்ன மாற்றினீர்கள் என்று கூகுள் கேட்கும். அந்தக் குறிப்புகளிலிருந்தே பதில் எழுதலாம்.

யாராவது விலகும்போது

பொதுக் கோப்பில் அவருடைய கேமுக்கான வரியில் முடிவுத் தேதியைப் போட்டால் மற்ற நான்கு கேமிலும் கார்டு நின்றுவிடும். அவருடைய கேமில் உங்கள் கார்டுகளை நிறுத்த, அவருக்கென்று இன்னொரு கோப்பு முகவரியோ, கோப்புக்குள் 'இந்த கேமில் எதுவும் காட்டாதே' என்ற குறியோ தேவை. அந்தக் குறியை முதல் நாளே கோடில் வைத்துவிடுங்கள். பழைய வெர்ஷனை அப்டேட் செய்யாமல் வைத்திருப்பவர்கள் எப்போதும் இருப்பார்கள், பின்னால் சேர்த்தால் அவர்களிடம் அது போய்ச் சேராது.